உறைமோரைக் கொட்டிவிடாதீர்கள்

அக்கா வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 200 லிட்டர் கடல்நீர் பிடிக்கும். மகன் ஆசையாக வைத்தது. அவன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போய் எட்டு மாதம் ஆகிறது. "மீனுக்கு வேளாவேளைக்குத் தீனி போடும்மா, மோட்டாரை மட்டும் நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா இரண்டையும் தவறாமல் செய்தாள். கோடையில் நான் போனபோது தொட்டிக்குள் மீனே தெரியவில்லை. கண்ணாடி முழுக்கப் பழுப்பு கலந்த பச்சை. இடுக்கு வழியாகப் பார்த்தால், கற்களின் மேல் விரல் நீளத்துக்குத் தலைமயிர்போலப் பாசி ஆடிக்கொண்டிருந்தது. டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா கேட்டாள்: "தம்பி, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா உக்காந்து எல்லாத்தையும் வெளிய எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தண்ணி ஊத்திடலாமா?"

பாசி பிடித்த தொட்டியைப் பார்க்கிற எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தண்ணீர்த் தொட்டி, கிணற்றடி, மொட்டைமாடி, எங்கே பச்சை படிந்தாலும் தேய்த்துக் கழுவித்தானே பழக்கம்? ஆனால் கடல்நீர்த் தொட்டியில் அப்படிச் செய்தால், இத்தனை மாதம் தாக்குப்பிடித்த மீனும் ஒரு வாரத்தில் செத்துப்போகக்கூடும். ஏன் என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

நாம் போடும் தீனியிலிருந்து தொடங்குவோம். தீனியில் புரதம் இருக்கிறது. மீன் அதைச் செரித்த பிறகு, புரதத்தில் இருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறிச் செவுள் வழியே தண்ணீருக்கு வந்துவிடுகிறது. தின்னாமல் கல்லிடுக்கில் விழுந்த தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. கடல்நீர் சற்றே காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 8.1 முதல் 8.3 வரை இருக்கும். காரம் கூடக்கூட அம்மோனியாவின் நச்சு வடிவமும் கூடும். அதனால் நன்னீர்த் தொட்டி மீன் ஒருவாறு தாங்கிக்கொள்கிற அளவு, கடல்மீனைச் சாய்த்துவிடும்.

அப்படியானால் எட்டு மாதமாக இந்த மீன்கள் எப்படி உயிரோடிருந்தன? கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் இரண்டு கூட்டம் தொட்டிக்குள் இருக்கிறார்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை வாங்கி நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் மண்ணிலிருந்து தனியே பிரித்துக் காட்டினார். வயலில் நடக்கும் அதே வேலைதான் கூடத்துத் தொட்டியிலும் நடக்கிறது.

இவை எங்கே குடியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். தண்ணீரில் மிதப்பவை மிகச் சொற்பம். பெரும்பாலானவை எதன் மேலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். மணல், கண்ணாடி, குழாயின் உட்சுவர், எல்லாவற்றையும்விட அந்தக் கற்கள். மீன் வளர்ப்பவர்கள் அவற்றை லைவ் ராக், அதாவது உயிர்க்கல் என்பார்கள். இட்லியைப் பிய்த்தால் உள்ளே எத்தனை துளை இருக்கிறதோ அப்படி நுண்துளை நிறைந்த பவளச் சுண்ணாம்புக் கல் அது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், ஆடம்பர வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல்லும் காற்றுக் குமிழியும் மட்டுமே வைத்துக் கடல்மீன்களை வளர்த்து, 1961-இல் அதை எழுதி வெளியிட்டார். வடிகட்டி என்று நாம் தனியாகத் தேடுவது அந்தக் கல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பதை உலகம் அப்போதுதான் கவனிக்கத் தொடங்கியது.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: "அந்தக் கல்லு உன் உறைமோர்க்கா. தயிர்ப் பாத்திரத்தை விளக்குறேன்னு உறைமோரையும் சேத்துக் கொட்டிட்டா, நாளைக்குப் பாலை எதுல உறை ஊத்துவ?" சோப்போ குழாய்த் தண்ணீரின் குளோரினோ பட்டால் அந்தக் கூட்டம் அழிந்துபோகும். குளோரின் இல்லாத ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. உப்பில்லாத நீர் பட்டாலே கல்லுக்குள் இருக்கும் புழு, சிறு நண்டு, கடற்பஞ்சு எல்லாம் செத்து அழுகி, புதிதாக ஊற்றிய பளிங்குத் தண்ணீரில் அம்மோனியா ஏறும். மறுபடி அந்தக் கூட்டம் பெருகி வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் எங்கே இருக்கும்?

இப்போது பாசிக்கு வருவோம். பாசியை அழுக்கு என்று நினைக்கிறோம். அது ஒரு தாவரம் மாதிரி. வெளிச்சத்தை வாங்கி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு வளர்கிறது. இரண்டும் எங்கிருந்து வந்தன? எட்டு மாதமாகப் போட்ட தீனியிலிருந்து. கண்ணாடி ஓரம் மீன்கள் வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் அக்கா ஒரு சிட்டிகை போட்டிருக்கிறாள். கூடத்துக்கு அழகு என்று காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை விளக்கும் எரிந்திருக்கிறது. உரமும் வெயிலும் குறைவில்லாமல் கிடைத்த வயல் விளைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் அனுபவம் உள்ளவர்களும் சறுக்குவார்கள். மருமகன் வைத்துவிட்டுப் போன டெஸ்ட் கிட்டை எடுத்துத் தண்ணீரைப் பார்த்தோம். அம்மோனியா இல்லை. நைட்ரேட் லிட்டருக்கு வெறும் 5 மில்லிகிராம். பாஸ்பேட் இருப்பதே தெரியவில்லை. "தண்ணி நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் இப்படி?" என்றாள் அக்கா. பந்தி முடிந்தபிறகு சமையற்கட்டுக்குப் போய்க் காலி அண்டாவைப் பார்த்து, இன்றைக்கு இங்கே சமைக்கவே இல்லை என்று சொல்ல முடியுமா? சமைத்தது அத்தனையும் பாசியின் வயிற்றில் இருக்கிறது. தண்ணீரில் தெரியாத நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அந்தப் பச்சை மயிராக நம் கண்முன்னே ஆடிக்கொண்டிருக்கின்றன.

அப்படிப் பார்க்கும்போது பாசி நமக்கு ஓர் உதவியும் செய்திருக்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பதைக் கையால் பிடித்து வெளியே எடுக்க முடியாது, பாசியாக மாறியதை எடுக்கலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி இதையே ஒரு முறையாக்கினார். ஒரு தட்டில் வேண்டுமென்றே பாசி வளர்ப்பது, வாராவாரம் சுரண்டி எறிவது, அதன்மூலம் பவளத் தொட்டியின் நீரைச் சுத்தமாக வைப்பது. வேண்டிய இடத்தில் வளர்த்தால் அது வடிகட்டி. பிடுங்கிய பாசியைத் தொட்டிக்குள்ளேயே விட்டால் மட்டும் அது அழுகி, உண்டதை அப்படியே தண்ணீருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். பாசிக்கொல்லி மருந்து ஊற்றுவதை நான் விரும்பாததற்கும் இதுதான் காரணம். மருந்தில் செத்த பாசி தொட்டிக்குள்தானே கிடக்கிறது?

கை வைப்பதற்கு முன் உப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ரசத்தை அடுப்பில் மறந்துவிட்டால் சுண்டிக் கரிப்பதில்லையா? வெயிலுக்குத் தொட்டிமேல் சின்ன ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் நாளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் வற்றியிருக்கும். கடல்மீன் தொட்டியாயிற்றே என்று அக்கா உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். மிகவும் இயல்பான தவறு. சுண்டிய ரசத்தில் வெந்நீர்தான் விளாவுவோம், மறுபடி உப்புப் போடமாட்டோம். உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், 1.026 இருக்க வேண்டிய இடத்தில் 1.032. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்க வேண்டிய தண்ணீரில் ஏறத்தாழ 42 கிராம்.

அதை ஒரே நாளில் இறக்கக்கூடாது. மீனாவது சமாளிக்கும், கல்லுக்குள் இருக்கும் உயிர்கள் தாங்காது. நாளுக்கு 0.001 வீதம் ஆறு நாள் என்று கணக்கு வைத்தோம். மொத்தம் ஏறக்குறைய 33 லிட்டர் உப்புநீரை எடுத்து, அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும், நாளுக்கு ஐந்தரை லிட்டர். அன்றன்று ஆவியாவதற்கு ஊற்றுவது தனிக் கணக்கு. அந்த ஆறு நாளும் விளக்கை அணைத்து வைத்தோம். இது பவளம் இல்லாத, மீன் மட்டும் இருந்த தொட்டி. பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறு, அது இருக்கும் தொட்டியில் இத்தனை நாள் இருட்டு வைக்க முடியாது. தீனியும் நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு தின்று ஒரு மீன் நலமாகவே இருக்கும்.

சனிக்கிழமை மாலையே புது உப்புநீர் தயார் செய்தோம். சமையல் உப்பு இதற்கு ஆகாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் உண்டு. கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் தனிப் பீப்பாயில் கொட்டி, சிறிய பம்பை உள்ளே போட்டு இரவெல்லாம் ஓடவிட்டால் காலையில் தெளிந்திருக்கும். தொட்டிக்குள்ளேயே உப்பைக் கொட்டுவது கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை, ஒரு பெரிய டப்பில் தொட்டித் தண்ணீரையே பிடித்து, ஏர் பம்பும் வைத்து, மீன்களை அதில் விட்டோம். இரண்டு கோமாளி மீன்கள், நீலமாக ஒரு டாம்சல். ஐந்து விட்டுப் போனதாக மருமகன் சொன்னான். மற்ற இரண்டின் எலும்புகூடக் கிடைக்கவில்லை. நண்டும் புழுவும் தின்று தீர்த்திருக்கும். அதுவும் பாசியாகத்தான் வளர்ந்து நின்றிருக்கிறது.

அடுத்து கற்கள். மூன்று வாளிகளில் உப்புநீர் வைத்துக்கொண்டோம். முதல் வாளியில் கல்லை முக்கிப் பாசியைக் கையால் அடியோடு பிடுங்குவது, இரண்டாவதில் பழைய டூத்பிரஷால் தேய்ப்பது, மூன்றாவதில் அலசுவது. கல்லில் ஊதாவும் ரோஸுமாகச் சுண்ணாம்புப் பூச்சுபோல் ஒட்டியிருந்ததையும் தேய்க்கப் போனாள் அக்கா. தடுத்தேன். அதுவும் பாசி இனம்தான், ஆனால் கல்லோடு கல்லாகப் படிந்து மயிர்ப்பாசிக்கு இடமில்லாமல் செய்யும் நல்ல இனம். கோலிக்குண்டு மாதிரி பளபளக்கும் பச்சைக் குமிழிகள் நான்கைந்து இருந்தன. வலோனியா என்று பெயர். ஒரு குமிழி முழுவதும் ஒரே செல். உடைக்காமல் அடியோடு நெம்பி எடுத்தோம். ஒரு மூலையில் சிவப்புச் சளிபோலப் படர்ந்திருந்தது பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா. தேய்த்தால் பரவும் என்பதால் தொட்டிக்குள் இருந்தபோதே குழாயால் உறிஞ்சி எடுத்திருந்தோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லைக் கொதிநீரில் போட்டால் சுத்தமாகிவிடுமே என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உயிர்க்கல்லில் சிறு பொத்தான்போல் ஒட்டிவளரும் சோவான்திட் என்னும் உயிரினங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயின் மௌவி தீவில் ஹானா பகுதி மக்கள் ஒரு கடற்குட்டையின் பாசியைக் கொலைப்பாசி என்று தலைமுறைகளாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதிலிருந்துதான் மூர், ஷாயர் என்ற இருவர் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்து 1971-இல் அறிவித்தார்கள். அது பாசியாகவே இருக்கவில்லை, இந்தப் பொத்தான் இனம். கல்லைக் கொதிக்கவைத்தால் நஞ்சு ஆவியோடு நெஞ்சுக்குள் போகும். அலாஸ்காவில் 2012-க்கும் 2014-க்கும் இடையில் இத்தகைய உயிரினங்களைக் கையாண்டபோது கடையில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் மூச்சுத்திணறலும் காய்ச்சலுமாக நோயுற்றிருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல் நனைந்திருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும்.

"பழைய கல்லை எறிஞ்சுட்டு ராமேஸ்வரம் பக்கம் யார்கிட்டயாவது நாலு கல்லு கேட்டா என்ன?" என்று இடையில் ஒரு யோசனை வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தக் கல்லை எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் எடுக்கச் சொல்லியிருக்கமாட்டேன். கையில் இருப்பதே நல்ல கல்.

மணல் விரலளவு ஆழம்தான் இருந்தது. இருந்தாலும் அடியில் கருமையும் அழுகிய முட்டை வாடையும் இருந்தன. காற்றுப் புகாத இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகியிருக்கிறது. மீன் உள்ளே இருக்கும்போது கிளறினால் ஆபத்து, அதற்காகத்தான் அவற்றை முதலில் வெளியேற்றியது. மணல் முழுவதையும் அள்ளி எறிந்துவிட்டோம். கல் பத்திரமாக இருப்பதால் மணலை இழப்பதில் நட்டமில்லை. கண்ணாடியைப் பிளேடால் சுரண்டினோம். பம்பிலும் ஸ்கிம்மரிலும் சுண்ணாம்பு கட்டியிருந்தது. தனி வாளியில் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, நன்றாக அலசிப் பொருத்தினோம். ஸ்கிம்மர் என்றால் பருப்பு கொதிக்கும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் வழித்து எடுப்போமே, அதே வேலையை நுண்குமிழிகளால் செய்யும் கருவி. கழுத்தில் பிசுக்கு ஏறியதால் மாதக்கணக்கில் நுரையே வராமல் சும்மா ஓடியிருக்கிறது.

கற்களை அடுக்கி, பழைய தண்ணீரில் தெளிந்த பாதியையும் புது உப்புநீரையும் ஊற்றி, சாயங்காலம் மீன்களை விட்டோம். பிடுங்கிய பாசி ஒரு குழம்புச் சட்டி நிறைய இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் பொறுமை வேண்டும். அம்மோனியாவைத் தினமும் பார்த்தோம், எழும்பவில்லை, உறைமோர் பிழைத்துவிட்டது. ஆனால் நைட்ரேட் 5-லிருந்து 20-க்கு ஏறியது. அக்கா பயந்துவிட்டாள். தின்ன ஆள் இல்லாததால் இப்போதுதான் உண்மைக் கணக்கு தண்ணீரில் தெரிகிறது என்று சொன்னேன். பாஸ்பேட் இன்னும் பிடிவாதக்காரன். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிப்போய், தண்ணீரில் குறையக் குறைய வெளியே வரும். ஊறுகாய் ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய் வாடை கசிந்துகொண்டே இருப்பதைப் போல. அதைப் பிடிக்க இரும்பு ஆக்சைடு குருணையை ஒரு பையில் கட்டி நீரோட்டத்தில் வைத்தோம். வாரத்துக்கு 30 லிட்டர் தண்ணீர் மாற்றினோம். விளக்கு ஆறு மணி நேரம் மட்டும்.

பாசி மேயும் நத்தைகளை மூன்றாவது வாரம்தான் விட்டோம். முதலிலேயே விட்டிருந்தால் பயன் இல்லை, நீண்ட மயிர்ப்பாசியை அவை சீண்டாது. கல்லில் புதிதாக முளைக்கும் மெல்லிய படலத்தைத்தான் மேயும். இந்த மேய்ச்சல் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கடலிலேயே சாட்சி இருக்கிறது. 1983-இல் பனாமா அருகே தொடங்கிய ஏதோ நோயில் கரீபியக் கடலின் நீள்முள் கடல் முள்ளெலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் மாண்டுபோயின. மேய ஆளின்றி ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடியது. எழுபதுகளின் இறுதியில் பாறைப் பரப்பில் பாதிக்குமேல் இருந்த உயிர்ப்பவளம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மீன்பிடி மிகுதி, புயல் என்று வேறு காரணங்களும் அதில் சேர்ந்திருந்தன. அக்கா தொட்டியில் பன்னிரண்டு நத்தைகள் போதுமாக இருந்தன.

நான்காவது வாரம் கற்கள்மேல் பழுப்புத் தூசி படிந்தது. இதுவும் வழக்கம்தான். டயாட்டம் என்னும் நுண்பாசி, தானாகக் குறைந்துவிடும். மூன்றாவது மாதம் கண்ணாடி தெளிந்து நின்றது, கோமாளி மீன்கள் ஒரு மூலையைத் தங்கள் வீடாக்கிக்கொண்டன. இங்கே ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். நாள்கணக்கில் மின்சாரம் போய், மோட்டார் நின்று, கல்லே அழுகி நாறுகிற தொட்டி என்றால் அதில் காப்பாற்ற உறைமோர் இல்லை. அதை மட்டும் முழுக்கக் காலிசெய்து, கல்லைக் காயவைத்து, மீன் இல்லாமல் ஆறு வாரம் ஓடவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி இருந்தால், இன்று மாலை அதன் கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பேனாக்கோடு போடுங்கள். நாளை மாலை கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு ஆர்.ஓ. தண்ணீரை, உப்பில்லாமல் ஊற்றுங்கள்.